சும்மா கிண்ணம்

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, ஒளிரவே கூடாத கிண்ணம் ஒளிர்ந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் நான்கு கிண்ணம் வைப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வட்டக் கிண்ணங்கள், அடியில் உயிருள்ள செல்கள். மூன்றுக்கு ஒரு விசேஷச் சர்க்கரை ஊட்டுவார்கள். நான்காவதற்கு வழக்கமான தீனியைத் தவிர ஒன்றும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் அது இருக்கிறது. அறிக்கையில் அதற்குப் பெரிய பெயர் உண்டு, பேச்சில் அது 'சும்மா'. மூடியிலும் அப்படியே எழுதிவிடுவார்கள். முதலில் முறைத்த தலைவரே இப்போதெல்லாம் "சும்மா எப்படி இருக்கு?" என்றுதான் கேட்கிறார்.

அந்தச் சர்க்கரை காபியில் போடுகிற சரக்கு அல்ல. அதன் மூலக்கூறில் ஒரு சின்ன வாலை ஒட்டியிருப்பார்கள், எந்த உடம்பும் தானாகச் செய்துகொள்ள முடியாத வால். செல்கள் ஏமாந்துபோய் அதை வாங்கித் தங்கள் மேலே பதித்துக்கொள்ளும். பிறகு ஒரு சாயத்தை விட்டால், சாயத்தில் இருக்கும் கொக்கி அந்த வாலை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும், நீல விளக்கில் பச்சையாகத் தெரியும். வால் இல்லாத இடத்தில் இருட்டுதான். எட்டு வருடமாக இதைச் செய்துவரும் ஆராய்ச்சிக்காரிக்குக் கூடத்தில் 'வால் மேடம்' என்றே பெயர்.

"மூடிய மாத்திப் போட்டிருப்பீங்க மேடம்" என்றார் நுண்ணோக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் மீசைக்காரர். "என் வீட்டுக்காரியும் உங்கள மாதிரி ஆறு மாச வயித்தோட இருந்தப்போ வீட்டுச் சாவியக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுல வெச்சா."

"நான் மாத்தல அண்ணே."

"அவளும் அப்படித்தான் சொன்னா."

அவள் சிரித்தாள், ஆனாலும் மனசு ஆறவில்லை. மறுநாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். புதுக் கையுறை, புதுச் சாயம், முத்திரை உடைக்காத புட்டி. சர்க்கரைப் புட்டியைப் பக்கத்து அறையிலேயே விட்டுவிட்டு வந்தாள். அப்படியும் 'சும்மா'வில் அங்கங்கே பச்சை. எல்லாச் செல்லும் அல்ல, ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான். அந்த ஒன்றிரண்டும், வயிறு முட்டத் தின்றவை மாதிரி முதல் நாள் சர்க்கரை ஊட்டிய மூன்று கிண்ணங்களைவிட அதிகமாக ஒளிர்ந்தன.

அவளை உட்காரவிடாமல் செய்தது இன்னொரு விஷயம். இரண்டு மாதத்துக்கு முன்னால் வளர்ப்பு அலமாரி பழுதாகி, விலைக்கு வாங்கிய செல்கள் அத்தனையும் செத்துப்போயின. அறிக்கை கொடுக்க நாள் நெருங்கிவிட்டது. அப்போது தன் முழங்கைக்கு உள்பக்கத் தோலிலிருந்து ஒரு துணுக்கைச் சுரண்டி எடுத்து அவள் வளர்த்துவிட்டாள். கூடத்தில் அது பெரிய குற்றம். காதும் காதும் வைத்தாற்போல் முடித்த காரியம், மீசைக்காரருக்கு மட்டும் தெரியும். ஆக, அந்தக் கிண்ணத்தில் இருந்தது அவளேதான்.

வியாழக்கிழமை மீசைக்காரர் வேறொரு சாயத்தையும் போட்டுப் பார்த்தார். அது ஆண் செல்லில் மட்டும் ஒட்டும்.

"மேடம், விஷயம் புடிபட்டிருச்சு. பச்சையா தெரியுறது பூராவும் ஆம்பள செல். மிச்சமெல்லாம் உங்களோடது. எவனோ கிண்ணத்துக்குள்ள தும்மியிருக்கான். கழுவிக் கொட்டிட்டுப் புதுசா ஆரம்பிங்க." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவள் கிண்ணத்தைக் கழுவவில்லை. வயிற்றில் வளரும் பிள்ளையின் செல்களில் சில தாயின் ரத்தத்தில் கலந்து வந்து தோலில் தங்கிவிடும். இந்தத் துறையில் படித்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சுரண்டி எடுத்தபோது அவளுக்கு நாலு மாதம். எவனும் தும்மவில்லை.

ஒன்பது வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிற்று. இந்தத் தடவை உட்கார்ந்தாலும் எழுந்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தாள். இது மட்டும் நல்லபடியாக வெளியே வந்துவிட வேண்டும், அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். அந்தப் பிள்ளை, எந்த உடம்பும் செய்ய முடியாத ஒன்றைத் தானாகச் செய்துகொண்டிருந்தது.

நுண்ணோக்கி அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, கறுப்புத் திரைக்கு இந்தப் பக்கம் எந்நேரமும் ஒரே இருட்டு. ஏசியின் உறுமல், இயந்திரத்துக்குள் மின்விசிறி சுற்றும் மெல்லிய கீச்சு, சூடேறிய தூசியின் வாடை, அதற்கு நடுவே அவளுடைய மூச்சு அவளுக்கே சத்தமாகக் கேட்டது. எழுந்தாள், இரண்டடி நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். மறுபடியும் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

பச்சைச் செல்கள் இடம் மாறியிருந்தன. அங்கங்கே சிதறிக் கிடந்தவை எல்லாம் கிண்ணத்தின் ஒரு விளிம்பில் வந்து அப்பிக்கொண்டிருந்தன, அவள் உட்கார்ந்திருந்த பக்கத்து விளிம்பில்.

மேசை சாய்ந்திருக்கும் என்று கிண்ணத்தைத் திருப்பி வைத்தாள். செல் நகர்வது புதிதல்ல, ஒரு முழு நாளில் ஏதோ தலைமுடி கனத்துக்கு நகரும். பத்தே நிமிடத்தில் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. நாற்காலியை மேசையின் அந்தப் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காத்திருந்தாள். பார்த்தாள்.

அந்தப் பக்கம் வந்திருந்தன.

குனிந்து பார்த்தாள். மேசை விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது அவளுடைய வயிறு.

விளக்கையும் எதிரே இருந்த கணினித் திரையையும் அணைத்தாள். நீல வெளிச்சம் போனது. திரை போனது. கிண்ணம் மட்டும் போகவில்லை. விளக்கே இல்லாமல், இருட்டில், வெறும் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பச்சைக் கீற்று.

அப்புறம் அவள் யோசிக்கவில்லை. கழிவுக்கென்று வைத்திருந்த பிளீச் குப்பியைத் தடவி எடுத்தாள், மூடியைத் திறந்தாள், அப்படியே கவிழ்த்தாள். காட்டமான நெடி மூக்கில் ஏறியது. பச்சை சுருங்கியது, அணைந்தது.

அந்த நொடியில் வயிற்றுக்குள் ஒரு வெட்டி இழுப்பு. உதை அல்ல. சுடுசட்டியில் கை பட்டவன் வெடுக்கென்று இழுத்துக்கொள்வது மாதிரி.

பிறகு அசைவே இல்லை.

வயிற்றைத் தட்டினாள். இடப்பக்கம் சரிந்து உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்தாள். தண்ணீர் குடித்தாள். ஒன்றுமில்லை. கால் மணி நேரம். அரை மணி நேரம். போன் அதிர்ந்தது. தினமும் ஐந்து மணிக்குக் கூப்பிடும் கணவன்.

"என்ன சொல்றாரு நம்ம ஆளு?"

"தூங்குறாரு."

"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வெச்சுடவா?"

வைத்தாள். அழுகை வந்தது. எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், எப்படி இருந்தாலும் இருக்கட்டும், அசைந்தால் போதும். எதைக் கொடுத்தால் அசையும்? அவளுக்குத் தெரியும். எட்டு வருடமாக ஊட்டிப் பழகிய கை.

பக்கத்து அறைக்குப் போனாள். சர்க்கரைப் புட்டியை எடுத்தாள். கறுப்புத் திரைக்குப் பின்னால் வந்து, மூடியைத் திருகி, அந்த வெள்ளைப் பொடியை வாயில் கொட்டிக்கொண்டாள். நாக்கில் ஒட்டியது. லேசாக இனித்தது. விழுங்கினாள். இன்னும் கொட்டினாள். புட்டியின் அடியை விரலால் வழித்துத் தின்றாள்.

காத்திருந்தாள்.

துடிப்பு. ஒன்று. மறுபடி ஒன்று.

"என் தங்கமே" என்றாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

தோலுக்கு அடியில் ஐந்து பச்சைப் புள்ளிகள், மிளகளவு. பக்கத்திலேயே இன்னும் ஐந்து. கண்ணாடியில் விரல் பதித்தது போல உள்ளிருந்து அழுத்திக்கொண்டிருந்தன. பயம் இருந்தது. அதைவிடச் சந்தோஷம் இருந்தது. உயிரோடு இருக்கிறது. அது போதும்.

கதவு தட்டும் சத்தம். "மேடம், உள்ளயா இருக்கீங்க? லைட்டப் போடவா?"

"வேண்டாம் அண்ணே. நான் பாத்துக்குறேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

புள்ளிகள் நகர்ந்தன. ஐந்து முன்னே. ஐந்து பின்னே. தொப்புளைத் தாண்டி. மேலே. விலாவுக்கு அடியில் புகுந்து மறைந்தன. நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு பிறாண்டல். ஒவ்வொரு எலும்பாக. ஏணியில் ஏறுவது மாதிரி.

இனிப்பு வந்த வழியே.

கத்த நினைத்தாள். தொண்டைக்குள் ஏதோ நிறைந்திருந்தது. சின்னது. வெதுவெதுப்பானது. தாடை தானாகக் கீழே இறங்கியது.

எதிரே அணைந்து கிடந்த கணினித் திரையில், பச்சை வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. உள்ளே, நாக்குக்குப் பின்னால், பச்சையாக ஐந்து விரல்கள் பல்வரிசையைப் பற்றிக்கொண்டிருந்தன.