போகலாம் என்று சொல்லும்வரை

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், என் தங்கை வீட்டுக்காரனையும் அவனுடைய தலையணையையும் ஒரு மூட்டைப் புத்தகங்களையும் அந்தப் பழைய வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினேன். புத்தகங்கள் புத்தம் புதிதாக இருந்தன. பல வருஷமாக அவனிடம் இருந்த புத்தகங்கள் அவை. தலையணைதான் நைந்து கிழிந்திருந்தது.

துணிக்குச் சாயம் போடும் ஆலையில் அவன் பாய்லர் அட்டெண்டர், நான் ஃபிட்டர். ஆலை முழுக்க அவனைக் கொட்டாவி என்றுதான் கூப்பிடுவோம். வேலையில் கெட்டிக்காரன். அடுப்பின் இரைச்சலைக் கேட்டே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் புத்தகத்தைத் திறந்த மறுநிமிஷம் வாயையும் திறந்துவிடுவான், கொட்டாவி விட.

பாய்லர் பொறுப்பாளர் சான்றிதழுக்கான தேர்வு அது. எழுத்துத் தேர்வில் எப்படியோ தப்பிவிடுவான். வாய்மொழித் தேர்வில் மண்ணைக் கவ்விவிட்டு வருவான். அவனைப் படிக்க வைக்க நாங்கள் செய்யாத வேலை இல்லை. பச்சைத் தண்ணீர் வாளியில் காலை வைத்துப் படித்தான். தண்ணீர் வெதுவெதுப்பானது, தூங்கினான். நின்றுகொண்டு படித்தான், பீரோவில் சாய்ந்து தூங்கினான். 'உன்னால் முடியும்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினான். அதற்குக் கீழே படுத்து நிம்மதியாகத் தூங்கினான்.

அந்த வருஷம் விளையாட்டு முடிந்தது. இதுதான் கடைசி வாய்ப்பு, தேறாவிட்டால் பொறுப்பாளராக வெளியாள் வருவார், கொட்டாவி மூட்டை தூக்கும் பகுதிக்குப் போக வேண்டும் என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

"அண்ணே, இந்தத் தடவையும் கோட்டை விட்டார்னா, இந்த மனுசனைக் கூட்டிட்டுப் போயி உன் வீட்டுலயே வச்சுக்கோ" என்றாள் தங்கை. "எனக்குக் கட்டி வச்சது நீதானே."

இந்தக் கதையில் எனக்கு வந்த முதல் பயம் அதுதான்.

அப்போதுதான் யாரோ இந்த வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு காலத்தில் பாய்லர்க்காரர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திய அதிகாரியின் வீடு. அங்கே அறை எடுத்துத் தங்கியவன் தேறாமல் போனதில்லையாம்.

கதவைத் திறந்தவர் அவருடைய மகள். ஐம்பதைத் தாண்டியவர், பல் டாக்டரிடம் உதவியாளர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதாலோ என்னவோ, எந்தக் கேள்விக்கும் பதிலை எதிர்பார்க்க மாட்டார்.

"படிக்கத்தானே வந்திருக்கீங்க? செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

அறையில் ஒரு மேஜை. அதன் இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக இரண்டு மர நாற்காலிகள். மிஷின் எண்ணெயும் மூக்குப்பொடியும் கலந்த வாசனை, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. ஒரு நாற்காலி வெறும் பலகை. இன்னொன்றில் ஒரு மெத்தை, அதன் நடுவில் ஆள் உட்கார்ந்த பள்ளம்.

"இது படிக்கிறவங்களுக்கு. அது அப்பாவோடது. அதுல யாரும் உட்கார வேண்டாம்."

"அப்பா இப்ப எங்கேங்க?" என்று கேட்டான் கொட்டாவி.

"காலமாயிட்டார்."

"ஐயோ பாவம். எங்க?"

"அதுலதான்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாய்மொழித் தேர்வில் அதிகாரி 'போகலாம்' என்று சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. பாதியில் எழுந்தவன் தோற்றவன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெரியவர் வீட்டில் பையன்களை எதிரே உட்கார வைத்து, அதே கண்டிப்போடு பயிற்சி கொடுத்திருக்கிறார். ஒரு நாள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். யோசிக்கிறார் என்று பையன் நினைத்துக்கொண்டான்.

"சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்" என்றார் மகள். "போகலாம்னு சொல்லலையே, எப்படி எந்திரிப்பான்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். கொட்டாவி பலகை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். புத்தகத்தின் ஓரங்கள் அழுக்கேறியிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வா மாப்பிள்ளை, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்."

"இருங்க மச்சான். இன்னும் போகலாம்னு சொல்லல."

"யாரு?"

அவன் எதிரே இருந்த மெத்தையையே பார்த்துக்கொண்டு, "சேஃப்டி வால்வை நானா இறுக்கக் கூடாதுங்க ஐயா. அழுத்தம் ஏறினா அது தானா திறக்கணும்" என்றான்.

டொக். டொக்.

மேஜையில் பென்சிலால் தட்டும் சத்தம். மேஜையில் பென்சில் இல்லை.

கொட்டாவி பெருமூச்சு விட்டு எழுந்தான். "விட்டுட்டார். வாங்க."

டீக்கடையில் விஷயத்தைச் சொன்னான். உட்கார்ந்தால் நாற்காலி பிடித்துக்கொள்கிறது. ஒரு குரல் கேள்வி கேட்கிறது. பதில் சரியாக இருந்தால் விடுகிறது, தப்பாக இருந்தால் மறுபடியும் படிக்க வேண்டும். ஒரு தடவை மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தபோதுதான் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்ப் பாடம் முழுவதும் மனப்பாடம் ஆனதாம்.

"பயமா இல்லையா மாப்பிள்ளை?"

"உங்க தங்கச்சியவிட மரியாதையாத்தான் பேசறார்."

தங்கையிடம், மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் படிக்கிறான் என்று மட்டும் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் மகிழ்ந்துபோனாள். அவனைப் படிக்க வைக்க மனுஷர்களால் முடியவில்லை. முடிந்தவர் செத்தவராக இருந்தால் நமக்கென்ன?

தேர்வு நாள் வந்தது. பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அவனைக் கூட்டிப்போக வெளிச்சம் வந்ததும் கிளம்பிப் போனேன். வாசலிலேயே நின்றிருந்தார் மகள்.

"நேத்து சாயங்காலம் உட்கார்ந்தவர்" என்றார். "இன்னும் எந்திரிக்கல."

உள்ளே போனேன். அறைக்குள் பாய்லர் ஹவுஸின் வெக்கை. சுவரில் ஈரம் கோத்திருந்தது. ஆவியோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு வெக்கை புதிதில்லை. ஆனால் அந்த வெக்கை எதிரே இருந்த நாற்காலியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கொட்டாவியின் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"எல்லாத்துக்கும் சரியாச் சொல்லிட்டேன் மச்சான்" என்று கிசுகிசுத்தான். "கடைசிக் கேள்விக்கு வந்துட்டார். அதைத்தான் முடிக்க மாட்டேங்கறார். 'கண்ணாடியில தண்ணி தெரியல. பாய்லர்ல தண்ணி...'ங்கறார். அதோட நிறுத்திடறார். மறுபடி முதல்லேர்ந்து. ராத்திரி பூரா."

பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதைப் பற்றிய கேள்வி.

"நீ என்ன சொன்னே?"

"தண்ணி கீழ இறங்கிடுச்சுன்னு சொன்னேன். ஒப்புக்கல. மேல ஏறிடுச்சுன்னும் சொன்னேன். அதுக்கும் ஒப்புக்கல."

வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அன்னிக்கு அப்பா பாதியில நிறுத்தின கேள்வி இதுதான். அதுக்கப்புறம் யாரும் இதுக்கு வந்ததில்லை" என்றார் அவர். "வந்தவங்க எல்லாம் அரைகுறை. பாதியிலயே அனுப்பிடுவார். இவர் நல்லாப் படிச்சுட்டார்."

அவனைப் பிறந்ததிலிருந்து யாரும் அப்படித் திட்டியதில்லை.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். சட்டைதான் கிழிந்தது. நாற்காலியோடு தூக்கித் தேர்வுக்கே கொண்டுபோய்விடலாம் என்று அதையும் பிடித்து இழுத்தேன். ஓர் அங்குலம் நகரவில்லை. குனிந்து பார்த்தேன். கால்களில் ஆணி இல்லை. கீழே வெறும் தரைதான்.

டொக். டொக்.

"விடச் சொல்லுங்க மச்சான். நேரம் ஆகுது. பத்து மணிக்கு நான் அங்க இருக்கணும்." கொட்டாவி குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தான். "இத்தனையும் படிச்சிட்டு, இங்கயே உட்கார்ந்து ஃபெயிலாகப் போறேனா?"

எனக்கு மூச்சு வாங்கியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் வந்தேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. பின்னால் கைக்கு ஒரு நாற்காலி அகப்பட்டது. உட்கார்ந்தேன்.

மெத்தை சூடாக இருந்தது.

பள்ளம் எனக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்தியது.

வாசலில் மகள், "அதுல வேண்டாம்..." என்று ஆரம்பித்தது காதில் விழுந்தது. மூக்கில் பொடி ஏறிய காரம். நான் வாழ்க்கையில் பொடி போட்டவன் இல்லை. என் வலது கை மேஜைமேல் போயிற்று. ஆள்காட்டி விரல் தானாக மடங்கித் தட்டியது.

டொக். டொக்.

கொட்டாவி அழுகையை நிறுத்தினான். என்னைப் பார்த்தான். என்னைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

என் வாய் திறந்தது.

"கண்ணாடியில தண்ணி தெரியல. பாய்லர்ல தண்ணி மேல ஏறியிருக்கா, கீழ இறங்கியிருக்கா?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் தொண்டை என்னுடையது. அது அதிர்வது தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வாய்மொழித் தேர்வுக்குப் போகிற எல்லோருக்கும் பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம், 'தெரியாது' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்பதுதான். தெரியாவிட்டாலும் எதையாவது சத்தமாகச் சொல்ல வேண்டும். கொட்டாவி அந்தப் பாடத்தை மட்டும் ஒருநாளும் மறந்தவன் இல்லை. ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொல்லித்தான் தோற்றான்.

இப்போது அவனுக்குச் சத்தம் போடத் தெம்பு இல்லை. வேலையில் இருப்பவன் மாதிரி, கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்தான்.

"தெரியாதுங்க ஐயா."

ஜன்னலுக்கு வெளியே சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்ற மாதிரி இருந்தது.

"தெரியாதா?" என்றது என் வாய்.

"தெரியாது. குழாய் முழுக்க நிறைஞ்சிருந்தாலும் சரி, காலியா இருந்தாலும் சரி, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ரெண்டுல எதுன்னு தெரியாம நான் தண்ணி விட மாட்டேன். உள்ள காஞ்சு கிடந்தா, தண்ணி பட்டதும் வெடிச்சிடும்."

"அப்ப என்ன செய்வே?"

"முதல்ல நெருப்பை நிறுத்துவேன். ஆறட்டும்னு காத்திருப்பேன்."

என் தொண்டைக்குள் ஏதோ ஒன்று நீளமாக மூச்சு விட்டது. பல வருஷம் அடக்கி வைத்திருந்த மூச்சு.

"போகலாம்."

கொட்டாவி துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கிழிந்த சட்டையோடு ஓடினான். அந்த ஓட்டத்தை ஆலையில் யாரும் நம்ப மாட்டார்கள்.

தேறிவிட்டான். தேர்வில் ஒரு கேள்விக்கு இவன் 'தெரியாதுங்க' என்றதும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கு வந்தவர்களில் உண்மை பேசினவன் நீ ஒருவன்தான் என்றாராம். பொறுப்பாளர் ஆனான். என் தங்கை அவனை அவள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். எல்லாம் சுபம்.

ஆனால் அன்றைக்கு அவன் ஓடிய பிறகு அந்த அறையில் நானும் அந்த அம்மாவும் இருந்தோம். நானும் எழுந்தேன். நாற்காலி தடுக்கவில்லை. வெக்கை போயிருந்தது. எண்ணெய் வாசனை இல்லை, பொடி வாசனை இல்லை. வெறும் மர வாசனை.

மகள் எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன்.

மெத்தையில் பள்ளம் இல்லை. புதிது மாதிரி மேலே எழும்பியிருந்தது.

அவர் மெத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அப்பா?" என்றார், காதில் விழுந்தும் விழாத குரலில்.

"இல்லம்மா" என்றேன்.

சொல்லும்போதே மேஜைமேல் என் விரல் தட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வயது ஏறிவிட்டது. ஊரில் எனக்கு நல்ல பெயர். என்னோடு பேச உட்கார்ந்தவர்கள் லேசில் எழுந்து போவதில்லை. பேச்சில் அவ்வளவு சுவாரசியம் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன், நடுவில் சிலர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து உந்திப் பார்க்கிறார்கள். ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு காலையில் வந்தவர் விளக்கு வைக்கும்வரை இருந்தார். ஏஜெண்டுகள் அப்படித்தான் என்பதால் என் மனைவி சந்தேகப்படவில்லை. கொட்டாவி மட்டும் என் வீட்டுக்கு வந்தால் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறான்.

நீங்கள் இதை உட்கார்ந்துதான் படித்திருப்பீர்கள். பக்கத்தில் எங்காவது தட்டுகிற மாதிரி லேசாகச் சத்தம் கேட்டால், ஜன்னல் கதவாக இருக்கும். எழுந்து போய்ப் பார்த்துவிடலாம் என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள்.

நான் இன்னும் சொல்லவில்லை.