கை போகாத இடம்

வீட்டுக்கார அம்மாவை முதலில் பார்த்தவர் பேப்பர் போடுபவர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், மதில் சுவரில் தலை மோதி, ஒரு காலில் ஷூ கழன்று, ஒருக்களித்துக் கிடந்தார். காலை மணி ஆறு பத்து. மூச்சு இருந்தது. நடைக்கென்று போடும் வெள்ளைக் கால்சட்டையில், முழங்காலுக்குக் கீழே, கறுப்பாக நீளமாய் ஓர் இழுப்பு. தொட்டால் விரலில் ஒட்டியது. ரத்தமில்லை, பளபளவென்று ஏதோ எண்ணெய்ப் பசை.

அந்த வீட்டு டிரைவருக்கு நெட்டை என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சமையல்கட்டில் அவன் மனைவி, அந்த வீட்டுச் சமையற்காரி, அடுப்பை அணைத்துவிட்டு நின்றிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில கண்ணே திறக்கலையாம். கார் உரசித் தள்ளியிருக்கு. கால்ல டயர் பாலிஷ் ஒட்டியிருக்குதாம்." குரலைத் தாழ்த்தினாள். "நேத்து சாயங்காலம் ரெண்டு வண்டிக்கும் நீதானே போட்ட?"

"ஆமா."

"சாம்பல் வண்டிச் சாவி எங்க?"

நெட்டை சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான்.

"விடியக்காலையில நீ எங்க இருந்த?"

"குளிச்சிட்டு இருந்தேன். நீயே சந்தேகப்படறியா?"

"நான் படலை. படப்போறவங்க வாசல்ல ஜீப்பை நிறுத்திட்டாங்க."

அவன் நேராகக் கார் ஷெட்டுக்குப் போய் ஷட்டரைத் தூக்கினான். இரண்டு கார்களும் நேற்று விட்ட இடத்திலேயே இருப்பதுபோல்தான் இருந்தன. வலப்பக்கம் அம்மாவின் கணவரான ஐயாவின் வெள்ளைக் கார். அதன் சாவி ஐயாவின் இடுப்பை விட்டு இறங்காது. இடப்பக்கம் அம்மாவின் சாம்பல் கார். அதன் முன்கதவில், சக்கரத்துக்குப் பின்னால், கறுப்புப் புள்ளிகள்.

புள்ளி என்றால் என்னவென்று நெட்டைக்குத் தெரியும். டயரில் போட்ட பாலிஷ் காய்வதற்கு முன் வண்டியை ஓட்டினால், சுற்றும் சக்கரம் ஈரத்தை உதறும். அது கதவில் தெறிக்கும். இந்த வண்டி ஓடியிருக்கிறது என்று கதவே எழுதி வைத்திருந்தது. சாவியோ அவன் பையில்.

ஒரு புள்ளியைத் தொட்டுப் பார்த்தான். எண்ணெய் போல வழுக்கியது. இது இந்த வண்டிக்குப் போட்ட பாலிஷே இல்லை.

"துடைச்சிடு."

பின்னால் ஐயா நின்றிருந்தார். வந்த சத்தமே கேட்கவில்லை. மென்மையாக, கிட்டத்தட்ட அன்பாகச் சொன்னார். "போலீஸ் பாத்தா உனக்குத்தான் கஷ்டம். சட்டுன்னு துடைச்சிடுப்பா. நான் எதுவும் பாக்கலை."

துணி எப்படிக் கைக்கு வந்தது என்று நெட்டைக்குத் தெரியவில்லை. கதவில் ஒரு இழுப்பு இழுத்தான்.

"என்ன துடைக்கிறீங்க?"

ஷெட் வாசலில் குட்டையாக ஒரு பெண். சீருடை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இன்ஸ்பெக்டர்.

"நான் உள்ள வரும்போதே துடைச்சிட்டுதான் இருந்தான், மேடம்," என்றார் ஐயா. "எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. எங்க வீட்டு உப்பைத் தின்னவன்."

நெட்டையின் கையில் துணி இன்னும் இருந்தது.

"துணியைக் கீழ வைங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு வண்டியும் நேத்துலேருந்து அசையலையா?"

"என்னுது அசையலை, மேடம். சாவி இதோ. இவன் கையில இருக்கிறது சாம்பல் வண்டிச் சாவி." ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவ பக்கத்துல யாருமே இல்லை."

"போலாம். பத்து நிமிஷம்." அவர் நெட்டையிடம் திரும்பினார். "டயருக்கு எப்படிப் பாலிஷ் போடுவீங்க? முதல்லேருந்து சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுக்குங்க."

கொலை முயற்சிப் பழி விழப்போகும் நேரத்தில் இதென்ன கேள்வி? ஆனால் தெரிந்ததைச் சொல்லச் சொன்னதும் நெட்டையின் நாக்கு மெல்ல அவிழ்ந்தது.

"முதல்ல கழுவணும் மேடம். தண்ணி ஊத்தினா போதாது. ரப்பருக்குள்ளேருந்து ஒரு பழுப்பு கசிஞ்சு மேல வந்து நிக்கும். பழைய பாலிஷும் அதோட சேர்ந்து அப்பியிருக்கும். சோப்பு போட்டு முரட்டுப் பிரஷ்ஷால தேய்ச்சா நுரை காப்பி நிறத்துல வரும். நுரை வெள்ளையா வர்ற வரைக்கும் தேய்க்கணும். அழுக்கு மேலயே போட்டா பாலிஷ் ரப்பரைப் பிடிக்காது, அழுக்கைத்தான் பிடிக்கும். ரெண்டு நாள்ல உரிஞ்சிடும்."

"அப்புறம்?"

"நல்லாக் காயணும். ஈரத்துல போட்டா திட்டுத்திட்டா நிக்கும். ஸ்பாஞ்சுல கொஞ்சமா எடுத்து, பக்கத்துல மட்டும் தடவணும். தரையில படற பட்டையில படவே கூடாது, வழுக்கி விட்டுடும். ஊறவிட்டு, மிச்சத்தைத் துணியால ஒத்தி எடுத்துட்டு, இன்னொரு தடவை மெல்லிசாப் போடணும். அப்படிப் போட்டா மழை வந்தாலும் நிக்கும். அம்மா வண்டிக்கு அப்படித்தான். பால் மாதிரி இருக்கிற பாலிஷ். மினுக்காது, கறுகறுன்னு இருக்கும். அது தெறிக்கவே தெறிக்காது."

"ஐயா வண்டிக்கு?"

நெட்டை தரையைப் பார்த்தான். "எண்ணெய் பாலிஷ். ஐயாவுக்குப் பளபளன்னு கண்ணைப் பறிக்கணும். துடைச்சா பளபளப்பு போயிடும்னு திட்டுவாரு. கெட்டியாப் போட்டு அப்படியே விட்டுடுவேன். மறுநாள்கூடக் கையில ஒட்டும்."

"கதவுல இருக்கிற புள்ளி ஒட்டுதே. இது எண்ணெய்யா?"

"அவன் எதை எதுக்குப் போட்டானோ!" ஐயா சிரித்தார். "அவன் சொன்னதுதானே மேடம், வேற சாட்சி யாரு?"

"அதுவும் சரிதான்," என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சக்கரத்தின் அருகே உட்கார்ந்தார். "டயரோட அடிப்பக்கம் தரையை ஒட்டி இருக்கே. அங்க கை எப்படிப் போகும்?"

நெட்டை டயரைப் பார்த்தான். நேற்று அம்மா இதைத்தான் கேட்டார், மாடியிலிருந்து எட்டிப் பார்த்து. 'அடியிலயும் போட்டியா?' 'போட்டேம்மா.'

"சொல்லுங்க."

"வண்டியை அரைச் சுத்து உருட்டினா அடிப்பக்கம் மேல வந்துடும். அப்ப அதுக்கும் போடலாம்." அவன் குரல் இறங்கியது. "நேத்து உருட்டலை. ரெண்டு வண்டிக்கும். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு."

"அதான் சொன்னேனே, ஒட்டகச்சிவிங்கிக்கு வேற வேலை பாருன்னு," என்றாள் மனைவி வாசலிலிருந்து, அழுதுகொண்டே.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "அப்ப ஒவ்வொரு டயர்லயும், நேத்து தரையைத் தொட்ட இடத்துல, ஒரு கை அகலம் வெளுப்பா இருக்கணும்."

அவர் டார்ச்சை அடித்தார். சாம்பல் காரின் முன்சக்கரம்: வெளுத்த இடம் அடியில், தரையோடு தரையாக. பின்சக்கரம்: அடியில். மறுபக்கம் சுற்றிப் போனார். அடியில். அடியில்.

"நாலும் வெச்ச இடத்துலயே இருக்கு. இந்த வண்டி ஓடவே இல்லை."

டார்ச் வெளிச்சம் மெல்ல வெள்ளைக் காரின் பக்கம் நகர்ந்தது. முன்சக்கரத்தில் வெளுத்த இடம் அடியில் இல்லை. மேலேறி, கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில் நின்றது.

"ஓ, அதுவா?" ஐயா நெற்றியைத் தட்டிக்கொண்டார். "மறந்தே போயிட்டேன். காலையில ஷெட்டுக்குள்ளயே கொஞ்சம் முன்னால தள்ளினேன். பின்னால சாமான் எடுக்க இடம் வேணும்னு."

"நேரா முன்னால?"

"நேராத்தான். ஒரு முழம் இருக்கும்."

"தெருவுக்கே எடுக்கலை?" கேட்டபடியே இன்ஸ்பெக்டர் மற்ற மூன்று சக்கரங்களையும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எடுக்கலைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"இதுவே போதும்." இன்ஸ்பெக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். "நேராத் தள்ளினா நாலு சக்கரமும் ஒரே அளவுதான் சுத்தும். நாலு வெளுப்பும் ஒரே இடத்துல நிக்கணும். இங்க முன்னால பத்து மணி. பின்னால மூணு மணி. அந்தப் பக்கம் ஒண்ணு உச்சியில, ஒண்ணு அடியில. நாலும் நாலு திசை."

ஐயா வாசலைப் பார்த்தார்.

"நாலு பேர் கைகோத்து நடந்து ஒரு முனையில திரும்பறாங்கன்னு வைங்க. உள்பக்கம் இருக்கிறவன் நாலடி வெச்சா, வெளிப்பக்கம் இருக்கிறவன் ஆறடி வெக்கணும். சக்கரமும் அப்படித்தான். ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒவ்வொண்ணும் வேற வேற தூரம் ஓடும், வெளுப்பும் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகும். ஷெட்டுக்குள்ள திருப்பமே கிடையாது. வெளிய போய், முனை முனையாத் திரும்பி, சுத்திட்டு வந்த வண்டி இது. அந்த எண்ணெய்தான் உங்க மனைவி கால்ல இருக்கு. உங்க கதவுல தெறிச்சதைத் துடைச்சீங்க. துடைச்ச இடம் மட்டும் தூசியில்லாமப் பளிச்சுனு இருக்கு, பாருங்க. அப்புறம் அதே எண்ணெயைச் சாம்பல் கதவுல தெளிச்சு, அதை அழிக்கற வேலையையும் இவர்கிட்டயே குடுத்தீங்க."

"நான் அவளைப் பாக்கணும்," என்றார் ஐயா. இப்போது அந்தக் குரலில் அன்பில்லை. காலடி வாசலை நோக்கி நகர்ந்தது. அப்போதுதான் நெட்டைக்கு உறைத்தது. காலையிலிருந்து இந்த மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போகத் துடித்தது எதற்கு? யாருமில்லாத அறை. கண் திறக்காத அம்மா. பக்கத்தில் ஒரு தலையணை. அவனையறியாமல் கால்கள் நகர்ந்தன. தன் முழு உயரத்தையும் வாசலில் நிறுத்தினான். விலகவில்லை.

"அவங்களைச் சேர்த்ததுலேருந்து அறை வாசல்ல என் ஆள் உக்காந்திருக்கார்," என்றார் இன்ஸ்பெக்டர். "யாரையும் உள்ள விடவேண்டாம்னு சொல்லியிருக்கேன். புருஷனைக்கூட."

சமையற்காரி வாயைத் திறந்தாள். "ராத்திரி மாடியில அம்மா ஐயாகிட்ட சொன்னாங்க மேடம். காலையில வக்கீல் வர்றார், நீங்க வேற இடம் பாத்துக்குங்கன்னு. நான் வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

மூன்றாம் நாள் பிற்பகல் அம்மா கண் திறந்தார். தலையில் பெரிய கட்டு. நெட்டை கட்டிலருகே குனிந்தான். இடுப்பு வலித்தது.

"அம்மா, அன்னைக்கு அடியில போடலைம்மா. போட்டேன்னு பொய் சொன்னேன்."

உதடு மெல்ல அசைந்தது. காதைக் கொண்டுபோனான்.

"தெரியும்டா. கீழ இறங்கி வந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன்." மூச்சு வாங்கினார். "காலையில திட்டலாம்னு வெச்சிருந்தேன்."