நானூற்றுப் பன்னிரண்டு ரவைகள்

"ஸ்டொப்!"

பின்னாலிருந்து வந்த அந்தச் சத்தம் சாம்பவியின் காதில் விழத்தான் செய்தது. விழுந்தும் என்ன... கண் அடுத்த இலக்கு அட்டையில் இருந்தது, விரல் துப்பாக்கி விசையில் இருந்தது. இன்னும் நாலே நாலு அட்டைகள். இதை ஒழுங்காக முடித்தால் மாகாண அணியில் மிஞ்சியிருக்கும் ஒரே ஓர் இடம் அவளுக்குத்தான்.

"ஸ்டொப்! சுடாதேங்கோ!"

தமிழ்!

ஸ்காபரோவிலிருந்து வடக்கே நாற்பது நிமிடம் கார் ஓடினால் வரும் சுடுமைதானம் அது. சுற்றிவரக் காடு, மண்மேடு, தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள். அங்கே முதுகுக்குப் பின்னால் ஒருவன் "சுடாதேங்கோ" என்று கத்தினால் எந்தத் தமிழ்ப் பெண்ணின் விரலும் நின்றுதான் போகும். சாம்பவியின் விரலும் நின்றது.

கையில் துப்பாக்கியோடு திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன்தான் பக்கத்தில் வந்தான். சிவப்புச் சட்டை, கையில் நேரம் எடுக்கும் கருவி. சுடுபவருக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை நடத்துகிற அதிகாரி, ஆர்.ஓ. என்பார்கள். பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... கறுத்து, நிதானமாக, மழைக்கு முந்தின வானம் மாதிரி. இந்த நேரத்தில் இதையெல்லாம் கவனித்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"சத்தம் சரியில்லை. வெடி மாதிரிக் கேக்கேல்லை, புஸ்ஸெண்டு போச்சுது. குண்டு குழாய்க்குள்ளை இறுகி நிக்குது எண்டு நினைக்கிறன்."

"நிக்காது. அது கடை ரவை இல்லை. நான் வீட்டிலை என்ரை கையாலை செய்த ரவை. ரெண்டு வருஷத்திலை ஒண்டுகூடப் பிழையாப் போனதில்லை!"

"அப்ப பாப்பம். குழாய் சுத்தமெண்டால் நீங்கள் முதலிலையிருந்து திருப்பிச் சுடலாம். இல்லாட்டில்..."

"இல்லாட்டில்?"

"இதுவரைக்கும் சுட்டதுதான் கணக்கு."

துப்பாக்கியை வெறுமையாக்கி, குழாய்க்குள் ஒரு பித்தளைக் கம்பியை விட்டார்கள். கம்பி பாதியில் நின்றது. குண்டு உள்ளேதான் இறுகியிருந்தது.

வாய் திறந்தால் அழுகை வரும். சாம்பவி அழுவதானால் கதவைப் பூட்டிவிட்டுத்தான் அழுவாள், அப்படியொரு வீம்பு அவளுக்கு. புள்ளித்தாளில் கையெழுத்து வைக்கும்போது பக்கத்தில் அவனுடைய பெயரைப் பார்த்தாள். யசிந்தன். நல்ல பெயர்தான், வைத்திருக்கிற ஆள்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கார் தரிப்பிடத்துக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. டிக்கியை மூடித் திரும்பினால்... அவன்! தலையெல்லாம் நனைந்து நின்றான்.

"மிச்ச ரவையளையும் சுடாதேங்கோ. ஒண்டு பிழைச்சால் அதோடை சேந்ததுகளும் பிழைச்சிருக்கலாம். முழுக்க உடைச்சுப் பாக்கிறதுதான் நல்லது."

"எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

"படிப்பிக்கேல்லை. குண்டு இறுகின குழாயிலை அடுத்ததைச் சுட்டிருந்தால் துவக்கு கையிலையே வெடிச்சிருக்கும். உங்கடை கை... பிறகு, இந்த நாட்டிலை இப்ப இன்னொண்டு வாங்கவும் ஏலாது."

"தெரியும்!" என்று கதவைச் சாத்தினாள்.

தெரியாமல் என்ன? இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஒக்டோபரில் வந்த சட்டத்துக்குப் பிறகு அவளைப் போன்றவர்கள் கைத்துப்பாக்கி வாங்கவும் முடியாது, கை மாற்றவும் முடியாது. அதற்கு முந்தின வசந்தத்தில்தான் சாம்பவி தன்னுடையதை வாங்கியிருந்தாள். அது போனால் அவளுடைய விளையாட்டே போச்சு. ரூஜில் உள்ள வீடு வரைக்கும் அவள் அவனைத் திட்டிக்கொண்டே ஓட்டினாள். ஆனால் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்பவள் சாம்பவி. நாள் முழுக்க மற்றவர்களின் வாய்க்குள் கூர்க்கம்பி பிடிக்கிற கை, நடுங்காத கை என்று பெயர் எடுத்தது. அந்தக் கையால்தான் வீட்டுக்குக் கீழுள்ள பேஸ்மென்றில் ரவை செய்வாள். சுட்டு வெறுமையான பித்தளைக் கோதுகளைக் கழுவி, ஐம்பது ஐம்பதாக மரத்தட்டில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் வெடிமருந்து விட்டு, மருந்து விழுந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்து, அதன்பிறகுதான் குண்டை மேலே வைத்து அழுத்துவாள். அந்த டோர்ச் பார்வை அவளுக்குச் சாமி கும்பிடுவது மாதிரி.

எங்கே பிழைத்தது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. போன ஞாயிறு பின்னேரம், கடைசித் தட்டில் பாதிக் கோதுகளுக்கு மருந்து விட்டிருக்கும்போது அம்மா மேலிருந்து கூப்பிட்டா. பிரான்சுச் சித்தி வீடியோவில் ஒரு மாப்பிள்ளையின் படம் காட்டினா. மூக்கு நல்லது, நாடி சரியில்லை என்று பத்து நிமிடம் கதை. இறங்கி வந்து மிச்சத்துக்கும் மருந்து விட்டாள். டோர்ச் அடித்துப் பார்த்தாளா...? பார்த்ததாகத்தான் நினைத்தாள். அந்தத் தட்டைத் தனியே வைத்திருந்தாலாவது பரவாயில்லை, எல்லாவற்றோடும் ஒரே வாளிக்குள் கொட்டியாயிற்று.

தராசில் நிறுத்துப் பார்த்தாள். பயனில்லை. விடுகிற மருந்து ஒரு சிட்டிகைதான். கோதுக்குக் கோது இருக்கும் எடை வித்தியாசமே அதைவிடக் கூட. எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு ரவைகள். மூன்று போட்டிகளில் நல்ல இரண்டைத்தான் தேர்வுக்கு எடுப்பார்கள். ஒன்று நன்றாக வந்தது, ஒன்று இன்று நாசமாய்ப் போனது. இனி மூன்றாவது பிசகவே கூடாது. அதற்கு மூன்று கிழமைதான் இருக்கிறது.

"உடைக்கிறன். எல்லாத்தையும் உடைக்கிறன்," என்று வாளியைப் பார்த்துச் சொன்னாள்.

ரவை உடைக்க ஒரு பிளாஸ்ரிக் சுத்தியல் இருக்கிறது. அதன் தலைக்குள் ரவையை மாட்டிக் கட்டையில் ஓங்கி அடித்தால், குண்டும் மருந்தும் கழன்று சுத்தியலின் வயிற்றுக்குள் விழும், கோது மேலே நிற்கும். முப்பதாவது ரவையில் சாம்பவியின் சுத்தியல் இரண்டாகப் பிளந்தது. கிளப்பின் வட்ஸ்அப் குழுவில் யாரிடமாவது இரவல் இருக்குமா என்று கேட்டாள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. வோபர்னில் இருக்கிறேன், இரண்டு சுத்தியல் இருக்கிறது, கொண்டுவரவா...?

யசிந்தன்!

வேண்டாம் என்று எழுதினாள். அழித்தாள். வீம்பு பெரிதா, மூன்று கிழமை பெரிதா? "ஓகே" என்று அனுப்பிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் போய்ச் சீப்பால் தலை இழுத்தாள். சுத்தியல் வாங்க எதற்குத் தலை இழுப்பு என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை, நல்ல காலம்.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தது அம்மா சந்திரவதனா.

"ஆர் தம்பி நீங்கள்?"

"யசிந்தன், அன்ரி. சாம்பவியின்ரை கிளப்... சுத்தியல் கொண்டந்தனான்."

"துவக்குக் கிளப்போ!" அம்மாவின் முகம் கறுத்தது. "துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தனாங்கள் தம்பி. இவள் என்னெண்டால் அதைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளை வச்சுப் பூட்டுறாள். இப்ப ரவை செய்ய ஆளும் பிடிச்சிட்டாளோ?"

"செய்ய இல்லை அன்ரி... உடைக்க."

அம்மா ஒரு கணம் அவனை மேலும் கீழும் பார்த்தா. "உடைக்கவோ?"

"ஓம். நானூறும்."

"வாங்கோ தம்பி, உள்ளை வாங்கோ! தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

பேஸ்மென்றில் டொக், டொக் என்று இரண்டு சுத்தியலும் மாறி மாறி விழுந்தன. முதல் நூறு வரைக்கும் பேச்சில்லை. உயர்ந்த கட்டடங்களில் லிஃப்ட் திருத்துவது அவன் வேலையாம். அவள் கேட்டதற்கு அதை மட்டும் சொன்னான்.

"எப்பவும் இப்பிடித்தான் எண்ணி எண்ணிக் கதைப்பீங்களோ?"

"ஸ்டொப் எண்டு சொல்ல மட்டும்தான் உரத்துக் கதைப்பன்."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள்... சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அப்போதுதான் அந்தக் கண்களைக் கண்ணாடி இல்லாமல் நேரே பார்த்தாள். போச்சு, நெஞ்சுக்குள் சுத்தியல் இல்லாமலே ஏதோ அடித்தது.

தேத்தண்ணியோடு இறங்கிவந்த அம்மா திரும்பிப் போகவில்லை. "வெடிக்காதோ?" என்று கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மகளின் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கினா. அடி என்றால் அப்படியொரு அடி! நாட்டை விட்டு வந்த இருபத்தைந்து வருடத்துக் கோபம் அத்தனையும் அந்தக் கட்டையில் விழுந்தது.

"எடியே, இதுக்குள்ளை ஒண்டும் இல்லையடி..."

அம்மாவின் உள்ளங்கையில் குண்டு மட்டும் கிடந்தது. மருந்து ஒரு துளிகூட இல்லை. யசிந்தன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தான்.

"மருந்து இல்லாட்டில் என்ன நடக்கும் தம்பி?"

அவன் சாம்பவியைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். அந்த ஞாயிறு பின்னேரம், குழாயில் இறுகும் குண்டு, அடுத்த வெடி, கை... அம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டா. "நான் உன்னைக் கூப்பிட்ட அண்டைக்கோ?"

"கூப்பிட்டது நீங்கள் அம்மா. வந்து டோர்ச் அடிச்சுப் பாக்காதது நான். பிழை என்ரைதான்." அவனிடம் திரும்பினாள்.  "அண்டைக்கு உங்களோடை கடுமையாக் கத்திப்போட்டன். என்ரை கையைக் காப்பாத்தினதுக்குத்தான் அவ்வளவு ஏச்சும் கேட்டனீங்கள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லை," என்றான் அவன். சொல்லும்போது காது சிவந்தது.

உடைத்து முடிய மூன்று மணியாயிற்று. அடுத்த கிழமையிலிருந்து சாம்பவி புதிதாகச் செய்யத் தொடங்கினாள். வேலையால் வந்தவுடன் ஒரு தட்டு, ஒவ்வொரு கோதுக்கும் இரண்டு தரம் டோர்ச். படியின் மேல்முனையில் அம்மா கதிரை போட்டுக் காவல் இருந்தா. பிரான்சுச் சித்தி போன் எடுத்தபோது, "பிள்ளை வேலையா இருக்கிறாள், பிறகு எடு" என்று வைத்தேவிட்டா! யசிந்தனும் இடைக்கிடை மெசேஜ் போட்டான். எத்தனை முடிஞ்சுது? நூற்றைம்பது. சாப்பிட்டீங்களோ? இன்னும் இல்லை... மிச்ச இரண்டு கிழமையும் அப்படி ஓடிப் போயிற்று.

மூன்றாவது போட்டி. காலையிலேயே தூறல். சாம்பவி முதலில் பார்த்தது தன்னுடைய குழுவுக்கு யார் ஆர்.ஓ. என்றுதான். யசிந்தன் என்ற பெயர் வெட்டப்பட்டு, வேறு பெயர் எழுதியிருந்தது. போட்டியை நடத்தும் ஸ்டெபனியிடம் போய்க் கேட்டாள். அவனே எழுதிக் கேட்டானாம், சாம்பவியின் குழுவில் நிற்கமாட்டேன் என்று. காரணத்தைச் சொல்லத் தனக்கு உரிமையில்லை என்று ஸ்டெபனி கையை விரித்தாள்.

நிற்கமாட்டானாமா...? தூரத்துக் குழுவில் சிவப்புச் சட்டையோடு நின்றவனைப் பார்த்தாள். அவன் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். இவளுடைய ரவையை நம்பப் பயம்! மறுபடி இவளோடு ஒரு சண்டைக்குப் பயம்! கண் முட்டியது. மூக்கை உறிஞ்சினாள். அழ இது இடமில்லை. நானூறு ரவையை உடைத்தவள், ஒரு மனிதன் முகம் திருப்பினதுக்கா உடைந்து போவாள்?

சுட்டாள். அட்டை அட்டையாக, ஆட்டம் ஆட்டமாக. நூற்று அறுபது ரவை, ஒன்றுகூடப் பிசகவில்லை. நடுங்காத கை என்ற பெயரை அன்றைக்கு அவள் திருப்பி எடுத்துக்கொண்டாள். பின்னேரம் ஸ்டெபனி பலகையில் முடிவை ஒட்டினபோது மாகாண அணியின் கடைசி வரியில் சாம்பவியின் பெயர் இருந்தது. நான்கு பேர் கைகொடுத்தார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டு நேரே நடந்தாள், மழைக்குள், அட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்த யசிந்தனிடம்.

"வாழ்த்துகள். எனக்குத் தெரியும், நீங்கள்..."

"என்ரை ரவையிலை இன்னும் நம்பிக்கை இல்லையோ?"

"ஐயோ, இல்லை... அதிலை முழு நம்பிக்கை இருக்கு."

"அப்ப என்னத்திலை இல்லை?"

அவன் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தான். திரும்ப எடுத்தான். மழைத்தண்ணி மூக்கு நுனியில் சொட்டியது.

"என்னிலை. ஆர்.ஓ. எண்டால் சுடுற ஆளின்ரை துவக்கை மட்டும்தான் பாக்கோணும். கண்ணை எடுக்கேலாது. நீங்கள் சுட்டால்... நான் உங்கடை முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பன். ஒரு செக்கன் பிந்தி நான் கத்தினால் உங்கடை கை போயிடும். அதுக்கு என்னாலை ஏலாது சாம்பவி."

சாம்பவிக்குக் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கன்னத்தில் ஓடியது மழையா, கண்ணீரா... இரண்டும்தான்.

"இதைத்தானோ ஸ்டெபனிக்கு எழுதிக் குடுத்தனீங்கள்?"

"ஓம். எனக்கு உங்களிலை விருப்பம், அதாலை நடுநிலையா நிக்கேலாது எண்டு..."

"எனக்குச் சொல்லமுதல் ஸ்டெபனிக்கோ?"

"விதி அப்பிடி," என்றான் அவன் பரிதாபமாக.

அவள் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "இண்டைக்கு மட்டுமெண்டோ எழுதினனீங்கள்?"

"ஓம்... இண்டைய போட்டிக்கு மட்டும்."

"ஓடிப்போய் மாத்துங்கோ, ஸ்டெபனி இன்னும் போகேல்லை. இனி எந்தப் போட்டியிலும் என்ரை குழுவிலை நிக்க ஏலாது எண்டு எழுதுங்கோ. சாம்பவிக்கும் என்னிலை விருப்பமாம் எண்டு அதையும் சேத்து எழுதுங்கோ. கீழை நானும் கையெழுத்து வைக்கிறன்."