பதினோராம் அறைக்கு முதல் பெயர்

சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

ரிசப்ஷனுக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகளுக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் சர்வருக்கென்று ஒதுக்கியிருந்த அந்தச் சின்ன அறையில், கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சலையும் மீறி, மாடியில் யாரோ குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு மொண்டு மொண்டு ஊற்றிக் குளிப்பதைப் போல, தண்ணீர் சுவரோரப் பைப்பில் சளசளவென்று இறங்கி, கொஞ்சம் நின்று, மறுபடி இறங்கியது. புகழேந்தி கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். லாட்ஜுக்கு வெள்ளிக்கிழமைதான் திறப்பு விழா. மெத்தைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மேனேஜர் ஜோதியம்மாள் அர்ச்சனைத் தட்டோடு அண்ணாமலையார் கோயிலுக்குப் போயிருந்தாள். கட்டடத்தில் அவன் ஒருவன்தான்.

பைப்பின் மேல் கை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

வெயிலில் காய்ந்த டேங்க் தண்ணீர் இப்படித்தான் இருக்கும். எந்தக் குழாயையாவது பிளம்பர் சரியாக மூடாமல் போயிருப்பான். தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தான். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அறை பதினொன்று. பெயர், இளஞ்செழியன். ஊர், கீழ்பென்னாத்தூர். உள்ளே இருக்கிறார்.

அந்த வரியை அடித்தவன் அவன்தான்.

இந்த லாட்ஜ் புரோகிராமை எழுதியவன் இளஞ்செழியன். சென்னையில் ஒரே கம்பெனி, ஒரே மேன்ஷனில் ஒரே அறை. அவன் ஏசியில் உட்கார்ந்து ஜாவாவில் எழுதுவான்; இவன் அதை சிடியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் இறக்குவான். இரண்டு பேருடைய அப்பாக்களும் கீழ்பென்னாத்தூர் மண்டியில் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்கியவர்கள். ஒரே மூட்டையின் இரு முனையைப் பிடித்துத் தூக்கி ஒருவர் முதுகில் ஒருவர் ஏற்றிவிட்டவர்கள். இரண்டு பேருக்கும் பிடரியில் ஒரே இடத்தில் காய்ப்பு. செழியன் பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம், அவனுக்கென்ன, அப்பன் வைத்திருக்கிறான் என்று. இங்கே அதற்கும் வழியில்லை. அதே பள்ளிக்கூடம், அதே மதியச் சோறு, அதே ஹாஸ்டல். அவன் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தான்.

மத்தியானம் அவனிடமே கேட்க வேண்டியும் வந்தது. ஜாவா போட்டாயிற்று, புரோகிராமை ஓட்டும் டாம்கேட் ஏறிவிட்டது, டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லும் ஓடுகிறது. ஆனால் பக்கத்தைத் திறந்தால் டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்று ஒரு முழ நீளத்துக்குப் பிழை. கன்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுச் சலித்துப்போய், ரிசப்ஷன் போனில் செழியனின் செல்லுக்கு அடித்தான்.

"டிரைவர் ஜார் எங்கடா போட்ட?" என்றான் செழியன், எதையோ மென்றுகொண்டே.

"ஆப் ஃபோல்டர்லதான்."

"டேய் வெங்காயம், அதாண்டா டேட்டாபேஸுக்கும் டாம்கேட்டுக்கும் தரகன். தரகன வூட்டுக்குள்ள பூட்டி வெச்சா எப்பிட்றா யாவாரம் நடக்கும்? காமன் லிப்புல தூக்கிப் போட்டுட்டு ரீஸ்டார்ட் பண்ணு."

போட்டான். ஓடியது. ஒரு ஃபைலை இடம் மாற்றுகிற வேலை.

"ஆங், மச்சான், ஒண்ணு சொல்லணும். நியூ ஜெர்சி வேல கன்ஃபர்ம் ஆயிடுச்சு. ஞாயித்துக்கெழம ஃப்ளைட்டு. இன்னிக்கு சாயந்திரம் ஆபீஸ்ல போய் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. எங்கப்பாவுக்கு நானே சொல்றேன், நீ ஒளறிடாத."

"சந்தோசம்டா" என்றான் புகழேந்தி. வாயெல்லாம் கசந்தது.

ஓடுகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு பெயரைப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் ஜோதியம்மாள் காலையிலேயே கண்டிஷனாகச் சொல்லியிருந்தாள். "எங்க மொதலாளி வழக்கம் இது தம்பி. மண்டியோ, மில்லோ, லாட்ஜோ, மொத பேரு அண்ணாமலையாருக்கு. நெருப்பா நின்ன சாமி. பதினோராம் நம்பர் அவரு ரூமு. யாருக்கும் வுட மாட்டோம். உன் பொட்டியில மொத பேர நான் வந்துதான் போடுவேன். அதுக்குள்ள நீ கைய வெக்காத."

"பொட்டி வயசெல்லாம் கேக்குமேம்மா. சாமிக்கு என்னான்னு போடுவீங்க?"

"கேட்டா கேக்கட்டும். அவரே வந்து சொல்லுவாரு, போ."

சாயங்காலம் அவள் கோயிலுக்குப் படி இறங்கிப் போன பிறகு அவன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாமே முதலில் செழியனுக்குத்தானே. முதல் ரேங்க், முதல் சம்பள உயர்வு, முதல் பிளேன். இதையும் அவனே எடுத்துக்கொள்ளட்டும். இளஞ்செழியன் என்று அடித்தான். அறை, பதினொன்று. புறப்படும் நாள் என்று கேட்ட கட்டத்தில் விரல் நின்றது. போகாதே. அதை வெறுமையாக விட்டுவிட்டு எண்டரைத் தட்டினான். தேதி இல்லாத வரியை செழியனின் புரோகிராம் ஏற்றிருக்கக் கூடாது. ஏற்றுக்கொண்டது. ஜோதியம்மாள் வருவதற்குள் அழித்துவிடலாம் என்று நினைத்தான். அழிக்காமல் ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் சுவருக்குள் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

மாடி ஏறினான். நடைவழியில் புதுச் சிமெண்டின் பச்சை வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, இங்கே இருக்க நியாயமே இல்லாத வாடை: சாக்கு, மணிலாத் தூசி, வெயிலில் ஊறிய முதுகு. செழியன் எந்த சென்ட் அடித்தாலும் புகழேந்திக்கு மட்டும் அவனிடம் அடிக்கும் வாடை. தன்னிடமும் அடிக்கிறதென்று அவன் சந்தேகப்பட்ட வாடை. பதினோராம் அறைக் கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. சாவி ஜோதியம்மாளின் இடுப்பில். கதவுக்கு அடியில் மஞ்சளாக ஒரு கீற்று வெளிச்சம். அந்த வெளிச்சத்தை இரண்டு பாதங்களின் நிழல் குறுக்கே கடந்து போனது.

படிகளில் எப்படி இறங்கினான் என்று அவனுக்குத் தெரியாது. போனை எடுத்து செழியனுக்கு அடித்தான். முதல் மணியிலேயே செழியன் எடுத்தான்.

"டேய், நல்ல நேரத்துக்குப் பண்ண. எவனோ வெளிய பூட்டிட்டுப் போயிட்டாண்டா."

"எங்க இருக்க நீ?"

"எங்கன்னா... சாப்ட்டுட்டுப் படுத்தேன், கண்ணசந்துட்டேன். இது நம்ம ரூம் இல்லடா. மெத்தையில பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கல. புழுக்கம்னா அப்பிடியொரு புழுக்கம், எத்தினி வாட்டி குளிச்சாலும் அடங்கல." மூச்சு வாங்கினான். "ஜன்னலத் தொறந்தேன் மச்சான். மல தெரியுதுடா."

"என்ன மல?"

"நம்ம மலதான். வேற எந்த மல இருக்குது நமக்கு? இரு, மறுபடி தட்டிப் பாக்கறேன்."

டொக், டொக், டொக். காதுக்குள் கேட்டது. அதே கணத்தில் தலைக்கு மேலும் கேட்டது.

"இரு" என்றான் புகழேந்தி. "வெச்சிடு. நான் பாத்துக்கறேன்."

சர்வர் அறைக்கு ஓடினான். அந்த வரியின் ஓரத்தில் 'செக் அவுட்' பொத்தான் இருந்தது. ஒரே ஒரு சொடுக்கு. மவுஸைப் பிடித்தபோது வெளியே காற்று சுழன்றடித்தது, மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்த வானம் ஒரு தடவை வெட்டி முழங்கியது, கரண்ட் போனது. யூபிஎஸ் 'கீக்' என்றது. ஸ்கிரீன் அணையவில்லை. பேட்டரி இருக்கிறது. ஒரு சொடுக்குதான்.

ரிசப்ஷனில் போன் அடித்தது.

செழியனாக இருக்கும் என்று ஓடி எடுத்தான். பேசியது அவர்களுடைய சென்னைக் கம்பெனி முதலாளி சக்கரவர்த்தி.

"புகழேந்தி, அந்த செழியன் எங்கய்யா? கையெழுத்துப் போட வரல. மேன்ஷனுக்கு ஆள் அனுப்பினா, லைட்டு எரியுது, செருப்பு கெடக்குது, ஆளக் காணோம். செல்லும் போகல. இன்னும் கொஞ்ச நேரத்துல நான் பேர அனுப்பலேன்னா அமெரிக்காகாரன் வேற கம்பெனிய பாத்துக்குவான். போன வருசம் அவனோட சேத்து உனக்கும் விசா வாங்கி வெச்சோமே, பாஸ்போர்ட் இருக்கா?"

கீக்.

"இருக்கு சார்."

"நீ போறியா?"

மேலே செழியன் தட்டினான். இப்போது கொஞ்சம் அவசரமாக.

சொடுக்கினால் அவன் வெளியே வந்துவிடுவான். வந்தால் ஓடிப்போய்க் கையெழுத்துப் போடுவான். ஒரு சாயங்காலம்தானே. பூட்டின அறையில் ஒரு சாயங்காலம் இருந்தால் செத்தா போய்விடுவான்? மூட்டை தூக்கியவன் மகனுக்குப் புழுக்கம் ஒரு கேடா? என் பெயர் முதலில் அமெரிக்காவுக்குப் போகட்டும். பெயர் போனதும் திறந்துவிடலாம்.

"போறேன் சார்."

"பாஸ்போர்ட் நம்பர் சொல்லு."

சொன்னான். பிறந்த தேதி சொன்னான். கீக், கீக். மழை ஜன்னலில் அறைந்தது. "அப்பா பேரு? ஸ்பெல்லிங் கரெக்டா சொல்லு, தப்பா போச்சுன்னா எல்லாம் போச்சு." அப்பாசாமி என்ற பெயரை எழுத்தெழுத்தாக, ஒவ்வொன்றையும் இரண்டு முறை, சொன்னான். முதுகுக்குப் பின்னால் கீக் சத்தம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீண்ட ஒரே ஊளையாக மாறியது. கடைசி எழுத்தைச் சொன்னபோது அது நின்றது.

"வாழ்த்துக்கள்யா" என்று போனை வைத்தார் சக்கரவர்த்தி.

திரும்பினான். சர்வர் அறை இருட்டாக இருந்தது. விசிறி ஓயும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. கறுப்பு ஸ்கிரீனில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. கம்ப்யூட்டர் பொத்தானை அழுத்திப் பார்த்தான். மறுபடி அழுத்தினான். ஒன்றுமில்லை.

போன் அடித்தது. எடுத்தான்.

"புகழு." குரல் வறண்டிருந்தது. "தண்ணி நின்னுடுச்சுடா. கதவத் தொட முடியல, கொதிக்குது. ரூமெல்லாம் வெளிச்சமா இருக்கு. வெளக்கு எங்கன்னு தெரியலடா."

"கொஞ்சம் பொறுடா. கரண்ட் வந்ததும்..."

"கரண்டா?" என்றான் செழியன். "கரண்ட் எதுக்குடா? நீ என்ன பண்ண புகழு?"

அவன் போனை வைத்துவிட்டான்.

மேலே தட்டல். டொக். நின்றது. டொக்.

ஜோதியம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தொப்பலாக நனைந்து உள்ளே வந்தாள். "செங்கம் ரோட்டுல மரம் சாஞ்சு கம்பிமேல வுழுந்துடுச்சாம். காலையிலதான் கரண்டாம். உன் பொட்டி வேல முடிஞ்சுதா, இல்லியா?"

"பதினொண்ண தொறங்கம்மா."

"இப்ப எதுக்குடா?"

"தொறங்கம்மா. உள்ள ஏதோ அடிச்சுக்குது."

டார்ச்சோடு ஏறினார்கள். கதவுக்கு அடியில் இப்போது வெளிச்சம் இல்லை. பூட்டைத் தொட்டவள், "ஸ்ஸ்" என்று கையை உதறி, முந்தானையால் பிடித்துத் திறந்தாள். கதவைப் பாதி தள்ளிவிட்டு இருவரும் உள்ளே நுழைந்தார்கள். டார்ச் வெளிச்சம் சுற்றி வந்தது. சாத்திய ஜன்னல். உறை பிரிக்காத மெத்தை, அதில் ஒரு மடிப்புகூட இல்லை. குளியலறைத் தரை சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. யாரும் இல்லை.

"என்னாடா, ஒண்ணுமே இல்லியே" என்றாள்.

அவனுக்குள் ஏதோ தளர்ந்தது. எல்லாம் பிரமை. செழியன் எங்கேயோ குடித்துவிட்டுக் கிடக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பிளேனில் உட்காரப் போகிறவன் நான். கேவலமான சந்தோஷம் வயிற்றிலிருந்து மேலே வந்தது. அதை அவன் தடுக்கவில்லை.

டொக்.

திறந்து கிடந்த கதவில் கேட்டது.

ஜோதியம்மாள் டார்ச்சைத் திருப்பினாள். கதவின் உட்பக்கத்தில், மார்பு உயரத்தில், பெயின்ட் உப்பியது. "பாத்தியா, தண்ணி கலந்து அடிச்சிட்டுப் போயிருக்கான் பெயின்ட்டு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். கொப்புளத்தில் ஐந்து விரல் இருந்தது. உள்ளங்கை இருந்தது. பக்கத்தில் இன்னொரு கை எழும்பியது.

கதவு அதிர்ந்தது. அருகில் ஆள் இல்லை.

கைகள் இறங்கின. இடுப்பு உயரத்தில். பிறகு மண்டியிட்டவன் உயரத்தில். ஒவ்வொன்றும் எழும்பி, கருகி, புகைந்தது. படுத்துவிட்டவன் உயரத்தில் கடைசியாக ஒன்று எழும்பியது, ஒற்றைக் கை. அதன் விரல்கள் ஒவ்வொன்றாக நீண்டு, கதவின் அடி விளிம்பில் காற்றுக்கு இடம் தேடித் துழாவிக்கொண்டிருந்தன.