சல்லடையில் சிக்கியது

மோட்டார் துப்புகிற தண்ணீரின் சத்தம் மாறியிருந்தது.

படகின் பின்முனையில் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் காதில்தான் அது முதலில் விழுந்தது. படகுக்கு வெளியே தொங்கும் மோட்டார் எதுவானாலும், தன் காலில் இருக்கும் சல்லடை வழியாகக் கடல்தண்ணீரை உறிஞ்சி, உடம்பெல்லாம் சுற்றவிட்டு, சூட்டை வாங்கிக்கொண்ட அந்தத் தண்ணீரைப் பக்கவாட்டில் உள்ள சின்னத் துளை வழியாகப் பீச்சிக்கொண்டே இருக்கும். அது பீச்சும்வரை மோட்டாருக்கு ஆயுசு கெட்டி. பட்டறையில் அதைப் ‘பாப்பா ஒண்ணுக்குப் போகுது’ என்பார்கள். காலையில் கிளம்பியதிலிருந்து சர்ரென்று போய்க்கொண்டிருந்த அது இப்போது சொத், சொத்தென்று விழுந்தது. திரும்பிப் பார்த்தான். துளையிலிருந்து இறங்கிய தண்ணீர் அறுபடாமல் நூல் நூலாக நீண்டு, காற்றில் ஒருகணம் ஆடி, பிறகு மெல்லக் கடலுக்குள் போனது. எச்சில் வடிவதுபோல.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனுடைய அருவருப்பு வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன சிரிப்பு. கிரீஸில் முழங்கை வரை கையை விடுவான். கரிபிடித்த ஆயிலை விரலில் தொட்டு மோந்து பார்த்தே மோட்டார் எத்தனை பாடு பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவான். அதெல்லாம் அவனுக்கு அழுக்கே இல்லை. ஆனால் ஒரு நத்தை, முட்டையின் வெள்ளைக்கரு, பாலின்மேல் சுருங்கிக் கிடக்கும் ஆடை, இவற்றைக் கண்டால் எழுந்து வெளியே போய்விடுவான். உயிரோடு சம்பந்தப்பட்ட எந்த வழவழப்பும் அவனுக்கு ஆகாது.

“மீன் பிடிக்கிற வீட்டுல பொறந்துட்டு மீனைப் பாத்தா மூக்கைப் பொத்துறவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா” என்பாள் அக்கா.

அந்த அக்காதான் இப்போது முன்முனையில் உட்கார்ந்து நண்டுக்கூடுகளின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவனுக்கு இடுப்பு போனதிலிருந்து படகு அவள் கையில். சென்ற வாரம் பட்டறைக்குக் கொண்டுவந்து போட்ட மோட்டாரை இவன் சரிசெய்து கொடுத்தபோது, “நீ சரி பண்ணதை நீயே வந்து ஓட்டிக் காட்டு, அப்பத்தான் நம்புவேன்” என்று பிடிவாதமாக ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கரை பின்னால் ஒரு கோடாகத் தெரிந்தது. உச்சி வெயில். காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது.

மோட்டாரின் சத்தம் கனத்தது. பெயின்ட் சூடாகும் காரமான நெடி எழுந்தது. அவன் வேகத்தைக் குறைக்கப் போவதற்குள் ஒரு முக்கல் முக்கி அதுவாகவே நின்றுவிட்டது.

“என்னடா ஆச்சு?”

“பாக்குறேன்க்கா.”

மோட்டார் நின்றதும் வரவேண்டிய சத்தம் ஒன்று உண்டு. அலை படகின் வயிற்றில் வந்து தட்டும் சத்தம். அது வரவில்லை. எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கடல் படகைச் சுற்றி மழமழவென்று கிடந்தது.

தண்ணீர்ப் பாதையில்தான் கோளாறு என்று அவனுக்குத் தெரியும். அந்த எச்சில் நூலைப் பார்த்த கண்ணுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் பெட்ரோலாக இருக்கட்டும், பிளக்காக இருக்கட்டும் என்று மனது கெஞ்சியது. டாங்கின் மூடியில் காற்று போகும் திருகைப் பார்த்தான், திறந்திருந்தது. டியூபின் நடுவில் உள்ள ரப்பர் பந்தை அமுக்கினான், கல்மாதிரி இருந்தது, பெட்ரோல் ஒழுங்காக வருகிறது. மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றிவைத்து, துணியைச் சுற்றிப் பிளக்கைத் திருகி எடுத்து, இரும்பில் சாய்த்துக் கயிற்றை இழுத்தான். பளிச்சென்று நீலப் பொறி. பிளக்கிலும் குற்றமில்லை.

இதற்கிடையில் அக்கா சும்மா இருக்க மனமில்லாமல் துடுப்பை எடுத்துப் போட்டாள். இரண்டு தடவை வலித்துப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

“இங்க பாருடா, படகு நகரவே மாட்டேங்குது.”

துடுப்பு இறங்கிய இடத்தில் தண்ணீர் தெறிக்கவில்லை. ஒரு குழி விழுந்தது. அந்தக் குழி, பிசைந்த மாவில் விரல் வைத்து எடுத்ததுபோல, நிதானமாக, மிக நிதானமாக மேலே எழும்பிச் சமமானது.

“ஜெல்லி மீன் கூட்டமா இருக்கும்” என்றாள் அக்கா. “எல்லாம் ஒண்ணா ஒதுங்கியிருக்கு.”

ஜெல்லி மீனாக இருக்கட்டும் என்று அவனும் நினைத்துக்கொண்டான்.

வேறு வழியில்லை. சூடு கொஞ்சம் தணிந்ததும் கொக்கியை விடுவித்து மோட்டாரைச் சாய்த்தான். அதன் கால் கடலிலிருந்து வெளியே வந்தது. வரும்போது சப்பென்று ஒரு சத்தம், உறிஞ்சிக்கொண்டிருந்த வாயிலிருந்து எதையோ பிடுங்கியது மாதிரி.

விசிறி சுத்தமாக இருந்தது. அதற்கு மேலே, சல்லடையின் பொடிக் கண்கள் எல்லாவற்றிலும் ஏதோ உள்ளே போய் அடைந்திருந்தது. பிளாஸ்டிக் இல்லை. பாசியும் இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரல்நுனிபோல வெளுத்து, சுருங்கி, மெத்தென்று இருந்தது. சல்லடையிலிருந்து ஒரு முனை தொங்கியது. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அவன் அதைப் பிடித்தான்.

சூடாக இருந்தது.

மோட்டார் சூடு அல்ல அது. மோட்டார் சூட்டை அவன் கை நன்றாக அறியும். இது காய்ச்சல்காரரின் நெற்றிச் சூடு. இழுத்தான், நீண்டது. விட்டான், உள்ளே போயிற்று. தானாக. அவன் படகின் ஓரத்தில் குனிந்து ஓங்கரித்தான்.

“தள்ளு. நீயும் ஒரு ஆம்பளை” என்று அக்கா பின்பக்கம் வந்தாள். “இதுக்குப் போயி இப்பிடியா? பொடவை நனைஞ்சா புழியறதில்லையா? அது மாதிரி நெனச்சுக்கோ.”

வெறுங்கையால் பிடித்தாள். நங்கூரக் கயிற்றை இழுக்கிற பழக்கத்தில், ஒரு கை மாற்றி ஒரு கையாக இழுக்கத் தொடங்கினாள். அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. அத்தனை சின்ன இயந்திரத்துக்குள் அடங்கவே முடியாத அளவுக்கு, ஈரமாக, அகலமாக, மடிப்பு மடிப்பாக வந்து படகின் அடியில் அவர்கள் பாதங்களுக்கு நடுவில் குவிந்தது. கூடவே வாசனை. அழுகல் நாற்றமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இது பால் குடிக்கும் குழந்தையின் கழுத்து மடிப்பில் வருகிற புளிப்பு. இனிப்பும் வியர்வையும் கலந்த, வீட்டுக்குள் இருக்கவேண்டிய வாசனை. நடுக்கடலில், அந்த வெயிலில், அவன் கால்விரல்களுக்கு இடையில் அது கதகதவென்று புகுந்தது.

கடைசித் துண்டு வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

“அவ்வளவுதான்டா. ஒன் மோட்டார் வாந்தி எடுத்திருச்சு” என்று சிரித்தாள் அக்கா.

அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு சின்னக் காற்று வந்தது. கடலில் அது கோடு கிழிக்கவில்லை. படகுக்குள் மட்டும் வந்து தொட்டுவிட்டுப் போனதுபோல இருந்தது. அவன் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் வெளுத்த பரப்பில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பொடிப்பொடியாக ஏதோ எழும்பியது. ஒவ்வொரு பொடியின் உச்சியிலும் மெல்லிய, நிறமற்ற ஒரு முடி நிமிர்ந்து நின்றது.

அதற்குப் புல்லரித்தது.

“அக்கா.”

அவளும் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் தங்கியிருந்தது, கழற்ற மறந்துவிட்டவள்போல. பிறகு துடுப்பை எடுத்து அந்தக் குவியலை அள்ளி வெளியே தள்ளினாள். அள்ளினாள், தள்ளினாள். அது மூழ்கவில்லை. தண்ணீரின்மேல் படுத்து, சுருக்கம் நீங்கி, விரிந்து, விளிம்பு எங்கே என்று தெரியாமல் பரப்போடு பரப்பாக ஒட்டிப்போனது. சுற்றியிருந்த மழமழப்பும் அதுவேதான் என்று இருவருக்கும் அப்போது புரிந்தது.

“சீக்கிரம்டா” என்றாள்.

போனை எடுத்துப் பார்த்தான். கரையோடு பேச சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. இனி மோட்டார்தான். உள்ளே இன்னும் அடைப்பு இருக்கும். தண்ணீர் சுற்றும் பாதையின் தலையில், சூட்டைப் பார்த்துத் தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் சின்ன அறை. அதன் மூடியின் திருகாணிகளைக் கழற்றினான். மூடி வராமல் ஒட்டிக்கொண்டது. ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினான். வந்தது.

அறை நிறைய அது இருந்தது. இடுக்கு விடாமல். இளஞ்சிவப்பாக. உதட்டின் உள்பக்கம்போலப் பளபளப்பாக.

இடுக்கியால் பிடித்தான். வழுக்கியது. மறுபடி பிடித்தான். வழுக்கியது. கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டான்.

துடித்தது.

தன் விரலில் ஓடும் ரத்தம்தான் என்று சொல்லிக்கொண்டான். இன்னொரு கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தான். அவன் நெஞ்சு தறிகெட்டு அடித்துக்கொண்டிருந்தது. விரலுக்கடியில் இருந்தது நிதானமாக அடித்தது. தூங்குகிறவர்களின் நாடி.

தோண்டினான். நகக்கண்ணெல்லாம் அது. வாந்தி வந்தது, விழுங்கிவிட்டுத் தோண்டினான். கம்பியை விட்டுத் துழாவினான். ஊதினான், பிறகு உதட்டைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான். மூடியைப் போட்டு முடுக்கினான். பிளக்கைத் திருகி மாட்டினான். மோட்டாரின் காலை மறுபடி இறக்கினான். அது பரப்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. அடியில் தண்ணீர் இருந்தது. நல்ல தண்ணீர். கிழிசலின் ஓரங்கள் பின்னுக்குச் சுருண்டன.

கயிற்றை இழுத்தான். இல்லை. இழுத்தான். இருமியது. இழுத்தான்.

பிடித்துக்கொண்டது.

எத்தனையோ மோட்டார்களை உயிர்ப்பித்தவன்தான், இத்தனை சந்தோஷமாக ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. சுதி சுத்தம். பக்கவாட்டில் தண்ணீர் தெளிவாகப் பீச்சியது. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தான், சாதாரணத் தண்ணீர், சாதாரணச் சூடு. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கரை அதோ இருந்தது. தென்னந்தலைகள்கூடப் பிரிந்து தெரிவதுபோல இருந்தது.

“அக்கா! ஓடுது! புடிச்சு ஒக்காரு, போயிரலாம்!”

திரும்பிப் பார்த்தான்.

அக்கா படகின் நடுவில், பக்கப் பலகையில் மார்பைச் சாய்த்து, வலது கையை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒட்டியதைக் கழுவுகிறாள் என்று நினைத்தான்.

“கையை உள்ள எடுக்கா.”

“எடுக்கிறேன்டா” என்றாள். அசையவில்லை.

“அக்கா!”

“கழுவத்தான் விட்டேன்.” குரல் அவளுடையதுதான். ஆனால் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல வந்தது. “பிசுபிசுன்னு இருந்துச்சு. இப்ப இல்ல.”

மோட்டாரை நியூட்ரலில் விட்டுவிட்டு, பலகையைப் பிடித்துக்கொண்டு அவளருகே போனான். குனிந்தான்.

அவள் கை மணிக்கட்டுக்குக் கீழே தண்ணீருக்குள் இல்லை. தண்ணீர் அங்கே இல்லை. வளையல் கிடந்த இடத்துக்குக் கீழே அவள் தோல் கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் அகன்று, கடலாகப் போயிருந்தது. தையல் இல்லை. விளிம்பு இல்லை. வெயில் பட்டுக் கறுத்த அவள் நிறம் மெல்ல மெல்ல நீர்த்து வெளுப்பில் கலந்திருந்தது. முன்கையில் பச்சையாக ஓடிய நரம்பு ஒன்று மணிக்கட்டில் நிற்காமல் இறங்கி, இரண்டாகப் பிரிந்து, நாலாகப் பிரிந்து, படகைத் தாண்டி, வெயில் கூசும் தொலைவுவரை போய்க்கொண்டிருந்தது.

அவள் தோளைப் பிடித்து இழுத்தான். படகைச் சுற்றிலும் கடல் முழுக்க ஒரு சுருக்கம் விழுந்தது.

அக்கா ‘ஸ்ஸ்’ என்றாள். பல்லைக் கடித்தாள்.

அவன் பின்வாங்கினான். தடுமாறி மோட்டாரின்மேல் விழுந்தான். கை தானாகக் கியரைப் பற்றிக்கொண்டது. மோட்டார் கைக்குள் நன்றாக, ஆரோக்கியமாக அதிர்ந்தது. தள்ளினால் போதும். விசிறி சுற்றும்.

“போடாதடா” என்றாள் அக்கா, திரும்பாமல். “வலிக்கும்.”

“யாருக்குக்கா?”

அவள் யோசித்தாள். உண்மையாகவே தெரியாததுபோல, கொஞ்ச நேரம் யோசித்தாள்.

பிறகு அவள் முதுகு ஏறி இறங்கியது, ஒரு நீண்ட மூச்சு. அவள் மூச்சோடு சேர்ந்து படகு மேலே எழும்பியது. கரைவரை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடல் மெல்ல மேலே எழும்பியது. அப்படியே நின்றது. பிறகு தணிந்தது.