இருந்த வீடு

"வாயைப் பாறசாலைச் சந்தையிலயே வச்சிட்டு வந்திட்டியா, மக்கா?"

தரகர் மோகனன் இப்படிக் கேட்டதும் ரெஜிலாவுக்குக் காது வரை சூடேறியது. ஆறாம் வகுப்புப் படிக்கும் அவளுக்குப் புது ஆட்களைக் கண்டால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பாவாடைப் பையில் கிடந்த புன்னைக்காய்களை உருட்டிக்கொண்டே அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அவளுக்கும் சேத்து நீங்க பேசுதீங்கல்லா," என்றாள் அம்மா ஆனந்தபாய்.

உண்மைதான். பாறசாலையில் பஸ் ஏறியது முதல் செங்கல்லில் இறங்கும் வரை மோகனன் பேசிக்கொண்டேதான் வந்தார். இன்றைக்கே முன்பணம் கொடுக்காவிட்டால், பார்க்கப் போகும் வீடு கைவிட்டுப் போய்விடுமாம். ஆரியங்கோட்டில் இருந்த அம்மாவின் ரப்பர் விளையை, அந்தச் சின்னத் தோட்டத்தை, விற்றுத்தான் அதை வாங்க வேண்டும். அவர்களுக்கு வேறு சொத்து கிடையாது.

வீடு புது வெள்ளையடித்துப் பளிச்சென்று நின்றது. பக்கத்து வீட்டுக் கிருபாபாய் வேலியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது இருந்த வீடாக்கும். பாத்துக்கிடுங்க," என்றாள்.

"கேட்டீங்களா, செல்லையண்ணே? ஆளு இருந்த வீடு. ராசி உண்டு," என்று மோகனன் முந்திக்கொண்டார்.

அப்பா தலையாட்டினார். ரெஜிலாவுக்கு மட்டும் ஏதோ இடறியது. அந்த மாமி 'ஆளு' என்று சொல்லவே இல்லையே?

போன மழையில் பள்ளிக்கூட மதில் மண்ணுக்குள் இறங்கியபோது ஊரே என்ன சொன்னது? 'மதிலு இருந்து போச்சு.' அவர்கள் பேச்சில் இருப்பது என்றால் உட்காருவது. ஆள் மட்டுமா உட்காரும்? அடிமண் தாழ்ந்தால் சுவரும் உட்காரும்.

உள்ளே போனதும் அடுக்களைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"காத்தாக்கும்," என்றார் மோகனன்.

ரெஜிலா ஒரு புன்னைக்காயை வாசலோரத் தரையில் வைத்தாள். அது சற்று யோசித்தது போல் நின்றது. பிறகு மெல்ல உருண்டு, அம்மாவின் காலைத் தாண்டி, கிழக்கு மூலையில் 'டக்'கென்று முட்டியது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் அதே மூலைக்குத்தான் போனது.

"நல்ல காத்து," என்றார் மோகனன்.

"காத்து கிழக்கேருந்துல்லா அடிக்குது. காய் கிழக்கே போகுதே?" என்றார் அப்பா.

காய்கள் நின்ற மூலையில், முழங்கால் உயரத்தில், போன வருடத்துக் காலண்டர் ஒன்று தொங்கியது.

"இதென்ன, பூனை தேதி பாக்கவா?" என்று அம்மா சிரித்தாள்.

ரெஜிலா காலண்டரைத் தூக்கினாள். சுவரில் படிக்கட்டு போல ஒரு வெடிப்பு ஏறிப் போனது. அவளுடைய சுண்டுவிரல் உள்ளே நுழைந்தது. அதற்கு மேலே புதுப் பூச்சு.

"வெடிப்பு இல்லாத வீடு உண்டா? வெறும் பூச்சு வெடிப்பு. மழை வரதுக்கு முன்ன முன்பணத்தைத் தாங்கண்ணே, போலாம்."

அப்பாவின் கை தயங்கித் தயங்கிச் சட்டைப் பைக்குப் போனது.

ரெஜிலா வெளியே ஓடினாள். வேலியருகே வந்ததும் நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. ரப்பர் விளையை நினைத்தாள். நாக்கைப் பிய்த்தெடுத்தாள்.

"மாமி, இது ஆளு இருந்த வீடா, வீடே இருந்த வீடா?"

அவள் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்குள் இருந்த மூவரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"வீடே இருந்ததாக்கும், மக்கா," என்றாள் கிருபாபாய். "அந்த மூலை பண்டு குளமாக்கும். மண்ணு போட்டு மூடி, மேல கெட்டின வீடு. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா இருந்திட்டே போகுது. பாக்க வாற எல்லாருகிட்டயும் சொல்லுதேன். எல்லாரும் தலையாட்டிட்டுப் போறாவ. திருப்பிக் கேட்டது நீ ஒருத்திதான்."

அப்பா சட்டைப் பையிலிருந்து வெறுங்கையை எடுத்தார். அந்தக் கையை ரெஜிலாவின் தலையில் வைத்தார்.

"நம்ம விளை பிழைச்சுது, மக்கா."

"வாயை ஒண்ணும் சந்தையில வைக்கல. பத்திரமாத்தான் வச்சிருந்திருக்கா," என்றாள் அம்மா.

மோகனன் விறுவிறுவென்று படியிறங்கினார். அவருடைய குடை வாசல் திண்டில் கிடந்தது. வானம் கறுத்திருந்தது. ரெஜிலா அதை எடுத்துக்கொண்டு கேட் வரை ஓடினாள்.

"மாமா, குடை. நனைஞ்சிருவீங்க."

மோகனன் குடையை வாங்கினார். வாயைத் திறந்தார். மூடினார். பிறகு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.