கதவுக்குப் பூஜ்யம்

அன்று துடியலூர் காபிக் கடையில் இருந்தவர்கள்: கல்லாவில் சுரேந்தர், கடை அவனுடையது. அடுக்களையில் ரங்கம்மாள். மூலை மேசையில் லோகப்பிரியா. அவள் மகள் நவ்யா, வயது ஒன்றே முக்கால். வெளியே மழை… அது யாருக்காகவும் நிற்பதாக இல்லை.

சோமனூர் துணிச் சாம்பிள்களைக் கடைகடையாகக் கொண்டுபோவது லோகப்பிரியாவின் வேலை. விவாகரத்துக்குப் பிறகு குழந்தையும் காரில் கூடவே வரும். போகிற இடத்தில் எந்தக் கடையில் குழந்தையோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தேடிக் கண்டுபிடித்து, இன்ஸ்டாகிராமில் மார்க் போடுவாள். காரமில்லாத சாம்பார் உண்டா? கை கழுவும் இடம் எட்டுமா? எல்லாவற்றுக்கும் மேலே கதவு. குழந்தை தள்ளினால் திறக்கிற கதவு என்றால் அம்மா சாப்பிட்ட மாதிரிதான்.

காபியின் நுரை அழகாக இருந்தது. படம் எடுத்தாள். இரண்டு நொடி… மூன்று நொடி…

"ஏய்! நில்லு!"

நிமிர்ந்தபோது சுரேந்தர் வாசலில் நவ்யாவைத் தூக்கியிருந்தான். வாசலுக்கு அந்தப் பக்கம் மேட்டுப்பாளையம் ரோடு. குழந்தை வீறிட்டது.

"ஏனுங்க, போட்டோ பொறவு எடுக்கலாமுங்க. மொதல்ல புள்ளயப் பாருங்க."

"சின்னக் குழந்தைகிட்ட இப்பிடித்தான் கத்துவீங்களா?"

"மெதுவாக் கூப்புட்டா லாரி நிக்குமுங்களா?"

அவன் கண்களில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது.

வீட்டுக்குப் போனதும் எழுதினாள்: "காபிக்கு ஒன்பது. கதவுக்குப் பூஜ்யம். முதலாளி குழந்தைகளிடம் கத்துவார்." தான் படம் எடுத்துக்கொண்டிருந்ததை எழுதவில்லை. எழுதினால் அண்ணன் அதையே பிடித்துக்கொள்வான். 'தனியா உன்னால வளக்க முடியாது, வேலய உட்டுட்டு ஊட்டோட இரு' என்று ஆறு மாதமாக அவன் ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தான்.

பத்து நாள் கழித்து யாரோ ஒரு படம் அனுப்பினார்கள். அதே கடை. கதவுக்குப் புதுப் பூட்டு. மூலை மேசையில் குழந்தை உட்கார உயரமான நாற்காலி.

அவள் பதிவுக்குக் கீழே எழுபது பேர் சுரேந்தரைத் திட்டியிருந்தார்கள். அவன் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. நடந்ததைச் சொன்னாலே போதுமே… ஏன் சொல்லவில்லை?

மூன்று நாள் அந்தக் கேள்வி அரித்தது. நான்காம் நாள் மதியம் நவ்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றாள். அன்றும் மழை.

"மூணுலருந்து நாலு வரைக்கும் கடை லீவுங்க" என்றான், கதவைப் பாதி திறந்து.

"காபிக்கு வரலீங்க. ஏன் நீங்க எதுவுமே சொல்லல?"

"என்னத்தச் சொல்ல?"

"நான் போட்டோ எடுத்துட்டு இருந்தேன்னு."

அவன் தலையைச் சொறிந்தான். "என்னயத் திட்டுனா யாவாரந்தானுங்க கொறையும். உங்களத் திட்டுனா… பொறவு நீங்க புள்ளயோட எந்தக் கடைப் படியும் ஏற மாட்டீங்க."

அவள் போனை நீட்டினாள். காரிலேயே எழுதிப் போட்டுவிட்டு வந்திருந்தாள். "அன்று கத்தியவர் என் மகளைக் காப்பாற்றினார். கவனிக்காமல் இருந்தது நான்."

அவன் படித்து முடிப்பதற்குள் அண்ணனின் அழைப்பு வந்தது. லோகப்பிரியா வாங்கிப் பார்த்தாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"இப்பக் கதவுக்கு எத்தன மார்க்குங்க?"

"உள்ள வந்து பாத்தாத்தான போட முடியும்?"

அவன் சிரிக்கவில்லை. "அன்னிக்கு உங்க காபி தொடாமயே ஆறிப்போச்சுங்க. அது நெனப்புலயே நிக்குது…" நிறுத்தினான். "காபி மட்டுமில்லீங்க. நீங்களுந்தான்."

மழைத்துளி ஒன்று அவள் இமையில் தங்கியது. துடைக்கவில்லை.

"சூடாக் காபி குடிச்சு ரெண்டு வருசமாச்சு" என்றாள். "நானும்… கதவப் பாக்க மட்டும் வரலீங்க."

உள்ளேயிருந்து ரங்கம்மாள் கத்தினாள். "அம்மணிய மழையில நிக்க வெச்சே பேசு கண்ணு! இங்க பால் பொங்கிப் போகுது!"

சுரேந்தர் சாவியை அவள் கையில் வைத்தான். "பூட்டிக்குங்க. புள்ள இஷ்டத்துக்கு ஓடட்டும். சாவி உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. போகோணும்னா எப்ப வேணும்னாலும் தொறந்துக்கலாம்."

நவ்யாவை இறக்கிவிட்டாள். குழந்தை மேசைகளுக்கு நடுவே ஓடியது. லோகப்பிரியா உள்ளே வந்து, தனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.